கம்பியில் குத்திய மனுக்கள்

அத்தியாயம் 11

தேவாரத்தில் விழாவுக்கு இன்னும் ஒரு நாள்தான் பாக்கி. இதுவரை நடந்ததை வரிசையாகச் சொல்லிவிட்டு இன்றைய காலைக்குள் போகலாம்.

எம்.எல்.ஏ. சுருளிவேல் பிறந்து நூறு வருடம், இறந்து முப்பத்து நான்கு வருடம் ஆகிறது. பேரன் நாகராஜ் நூற்றாண்டு விழா எடுக்கிறான். மந்திரி வருகிறார். மலையடிவாரத்தில் குடும்பத்துக்கு இருக்கும் நாற்பத்து நான்கு ஏக்கர் தென்னந்தோப்பில் இரண்டு ஏக்கரைப் பள்ளிக்கூடம் கட்டத் தானமாக எழுதித் தருகிறான். தோப்பு இன்னும் பாகம் பிரிக்காதது. அதனால் தேனியில் வாக்கப்பட்ட அக்காள் அக்கம்மாளும் கையெழுத்துப் போட்டாக வேண்டும். அவள் வெளியூரில் ஒரு தாலுகா ஆபீசில் மனுப் பிரிவைப் பார்ப்பவள். ஓய்வு பெற ஒரு வருடம் இருக்கிறது. சம்மதம் என்று சொல்லிப் பையோடு வந்து இறங்கியிருந்தாள்.

பத்திர ஆபீசில் டோக்கன் பதினொன்றே முக்காலுக்கு. இப்போது மணி எட்டு. அக்கம்மாள் கல்யாண மண்டபத்தில் நிற்கிறாள்.

மண்டபத்தின் ஒரு பக்கச் சுவர் முழுக்கப் பலகை அடித்து, அதில் லேமினேட் செய்த பழைய தாள்களைக் குத்தி வைத்திருந்தார்கள். மேலே துணிப் பதாகை: ‘மக்கள் தலைவரை நாடி வந்த மனுக்கள்’. இந்தக் கண்காட்சி நாகராஜின் மகள் சிம்ரனின் வேலை. பிழை இருக்கிறதா என்று பார்க்கத்தான் அத்தையைக் கூட்டி வந்திருந்தாள்.

இந்த மனுக்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்ல வேண்டும். சுருளிவேல் இருந்த காலத்தில் அவருக்கு வரும் மனுக்களை முன்னறையில் தொங்கிய ஒரு கொக்கிக் கம்பியில் குத்தி வைப்பது பழக்கம். அவர் போன பிறகும் அந்தக் கம்பியை யாரும் கழற்றவில்லை. வருடா வருடம் ஆயுத பூஜைக்கு மண்வெட்டி, அரிவாள், மோட்டார் எல்லாவற்றுக்கும் வைப்பது போலக் கம்பிக்கட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திச் சரம் போட்டுக் கும்பிடுவார்கள். “எங்க அய்யாவுக்கு ஆயுதமே ஏழைக மனுதான்” என்று அக்கம்மாளின் அப்பா வருகிறவர்களிடம் சொல்வார். சொல்லும்போது குரல் தழுதழுக்கும்.

சந்தனம் வைத்தவர்களில் ஒருவர்கூட ஒரு தாளையும் உருவிப் படித்ததில்லை.

“ஐநூறுக்கு மேல இருந்துச்சு அத்த. பலகையில நாப்பதுதான் கொள்ளும்” என்றாள் சிம்ரன். “அதான் சீல் நெறைய இருக்கிறதாப் பாத்து எடுத்தேன். ரெண்டு சீல், மூணு சீல். போட்டோவுல கெத்தா இருக்கும்ல.”

“நல்லா இருக்குத்தா” என்று சொல்லிக்கொண்டே அக்கம்மாள் மூக்குக்கண்ணாடியை மாட்டினாள்.

முதல் தாளில் பிழை இல்லை. இரண்டாவதிலும் இல்லை. மூன்றாவது தாளில் அவள் நின்றாள். திரும்ப மேலேயிருந்து படித்தாள்.

கனம் ஜில்லாக் கலெக்டர் துரையவர்கள் சமூகத்துக்கு, சின்னக்கருப்பு தாழ்மையுடன் எழுதிக்கொண்ட மனு. சென்ற வருஷம் சர்க்கார் எங்கள் இருபத்திரண்டு குடும்பங்களுக்கும் குடும்பத்துக்கு இரண்டு ஏக்கர் வீதம் தரிசு நிலத்தை ஒப்படை செய்தார்கள். பட்டா வாங்கித் தருகிறேன் என்று எம்.எல்.ஏ. சுருளிவேல் அவர்கள் எங்களிடம் முத்திரைத் தாளில் ரேகை வாங்கினார்கள். இப்போது கேட்டால், நீங்கள் எனக்கு விற்றுவிட்டீர்கள் என்கிறார்கள். நாங்கள் விற்கவில்லை. யாரும் ஒரு ரூபாயும் வாங்கவில்லை. கைக்குழந்தைக்காரன் நான். தாங்கள் விசாரிக்க வேண்டும்.

தேதி, 3.9.1962. கீழே ஒரு பெருவிரல் ரேகை.

அதற்கும் கீழே சிம்ரனுக்குப் பிடித்த மூன்று சீல்கள். அந்த சீல்களின் மொழி அக்கம்மாளுக்குத் தண்ணி பட்ட பாடு. வந்த சீல் ஒன்று. பதிவு எண் சீல் ஒன்று. மூன்றாவது சீலுக்குப் பக்கத்தில் இங்கிலீஷில் ஒரு வரி. தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: ‘மேற்படி எம்.எல்.ஏ. அவர்களின் குறிப்புரைக்கு அசலாக அனுப்பப்படுகிறது.’

யார் மேல் புகாரோ அவருக்கே புகாரை அனுப்பியிருக்கிறார்கள். அவர் வாங்கிப் படித்துவிட்டு, தன் வீட்டுக் கம்பியில் குத்திக்கொண்டார். ஓரத்தில் சிவப்புப் பென்சிலில் தாத்தாவின் சாய்ந்த எழுத்து: ‘ஆளைக் கூப்பிட்டுப் பேசியாச்சு.’

அந்த இங்கிலீஷ் வரியைத் தமிழில் அவளே எத்தனை தடவை எழுதியிருப்பாள். சர்வேயர் மேல் புகாரா, சர்வேயரின் குறிப்புரைக்கு. தலையாரி மேல் புகாரா, தலையாரியின் குறிப்புரைக்கு. எழுதி, நம்பர் போட்டு, டீ குடிக்கப் போய்விடுவாள்.

பையிலிருந்து பென்சிலை எடுத்து ஒவ்வொரு தாளாகப் பார்த்து எண்ணிக்கொண்டு வந்தாள். நாற்பதில் பதினாறு இதே நிலத்தைப் பற்றியது. நான்கு, வாத்தியார் வேலைக்குச் சிபாரிசு கேட்டுப் பசுமாட்டைப் பறிகொடுத்தவர்கள் எழுதியது. ஏழைகள் தாத்தாவிடம் நேராகக் கொடுத்த, சீல் இல்லாத மனுக்கள் ஒன்றும் பலகைக்கு வரவில்லை. சீல் அதிகம் உள்ளதாகத் தேடித் தேடி எடுத்ததில், தாத்தா மேல் வந்த புகார்களாகப் பார்த்து அந்தப் பிள்ளை பொறுக்கி எடுத்துவிட்டது.

“என்ன அத்த, பிழை இருக்கா?”

“இருக்கு. நீ படிச்சியா இதையெல்லாம்?”

“பழைய எழுத்து அத்த, புரியல. மூணு வாரமா லேமினேட் பண்ணிக் குத்துனேன், அவ்வளவுதான்.”

“உன்னைச் சொல்லி என்ன. நாங்க முப்பது வருசத்துக்கு மேல சந்தனம் வச்சோம்.” அக்கம்மாள் மூன்றாவது தாளின் நான்கு ஊசிகளையும் பிடுங்கித் தாளைப் பையில் வைத்தாள்.

விழா மலரில் ‘ஒரு தியாகச் சுடரின் பயணம்’ என்ற பத்துப் பக்கக் கட்டுரையை எழுதியது அவள்தான். அச்சாகிக் கட்டுக்கட்டாக மேடையோரம் இருந்தது. ஐம்பத்திரண்டில் இருபத்தேழு வயதில் மாட்டு வண்டியில் ஓட்டுக் கேட்டுப் போய் ஜெயித்தார். ஐம்பத்தேழிலும் அறுபத்திரண்டிலும் மறுபடியும் ஜெயித்தார். நில ஒப்படைக் குழுவில் உறுப்பினரானார். மலையடிவாரத்துக்கு முதல் மின்சாரம் கொண்டுவந்தார். அறுபத்தேழில் தோற்று, அரசியலை விட்டு விவசாயத்தைப் பார்த்தார். இதெல்லாம் அவள் வரிகள். ஏழாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில்: ‘நிலமற்ற இருபத்திரண்டு குடும்பங்களுக்கு நிலம் வாங்கித் தந்த வள்ளல்.’

ஒருவிதத்தில் அது பொய்யில்லை. வாங்கித்தான் தந்திருக்கிறார். அடுத்த வரியைத்தான் அவள் எழுதவில்லை.

*

நாகராஜ் வீட்டில் வெள்ளைச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். அக்காள் நீட்டிய தாளை வாங்கிப் பாதிவரை படித்தான். முகம் மாறவில்லை. அதுதான் அக்கம்மாளை உலுக்கியது.

“உனக்குத் தெரியுமா இது?”

“அரசல் புரசலாத் தெரியும். அப்பா சாகுறதுக்கு முன்னாடி சொன்னாக.”

“எங்கிட்டச் சொல்லலையே.”

“நீ ஆபீஸ்காரி. சொன்னா ஃபைல் போட்டுருவேன்னு பயந்தாக.” சிரித்தான். “ஏக்கா, அந்தக் காலத்துல எவன் செய்யல? எம்மெல்லேன்னா நாலு பேருக்குக் கொடுப்பாக, நாலு பேருகிட்ட வாங்குவாக. தாத்தா இல்லேன்னா இந்த அடிவாரத்துக்குக் கரண்டு வந்திருக்குமா?”

“கரண்டுக் கம்பி எங்கன போச்சுன்னு பாத்தியா? ஊருக்குள்ள வர்றதுக்கு மூணு வருசம் முன்னாடியே நம்ம தோப்புக் கெணத்துக்குப் போயிருக்கு. லோயர் கேம்ப் பவர் ஹவுஸ்ல எடுக்கிற கரண்டு, அடுத்து இந்தப் பக்கந்தான் வரும்னு சட்டசபையில உக்காந்திருந்தவருக்குத் தெரியும். சின்னக்கருப்புக்குத் தெரியுமா?”

“இப்ப என்ன பண்ணச் சொல்ற? இருபத்திரண்டு பேரையும் எழுப்பிக் கூட்டிட்டு வரவா?”

“சின்னக்கருப்பு மகன் எங்கனயும் போகலையே. அந்த ரெண்டு ஏக்கர்லதானே குடியிருக்காரு, நமக்குக் காவல் காத்துக்கிட்டு.”

மலைச்சாமியைத்தான் சொன்னாள். அந்த மனுவில் வருகிற கைக்குழந்தை அவர்தான். இப்போது வயது அறுபத்து நான்கு. மனைவி மொக்கம்மாளோடும் ஐந்து ஆடுகளோடும் தோப்பு மூலையில் ஓட்டு வீட்டில் இருக்கிறார். பள்ளிக்கூடம் வந்தால் முதலில் போவது அந்த வீடு.

“அதுக்கும் வழி பண்ணியாச்சு” என்றான் நாகராஜ். “ஓடை ஓரமா மூணு சென்ட் தர்றேன்னு சொல்லியிருக்கேன்.”

“எழுதிக் கொடுத்தியா?”

“வாய்ச்சொல்லு போதும்ங்கிறாரு. நம்ம மேல நம்பிக்கை.” கைக்கடிகாரத்தைக் கட்டினான். “அக்கா, நிதானமாக் கேளு. ரெண்டு ஏக்கரை அரசாங்கம் நம்மகிட்ட தானமா வாங்கிருச்சுன்னு வையி, மிச்சம் நாப்பத்திரண்டு யாருதுன்னு இனி ஒருத்தனும் கேக்க முடியாது. அரசாங்கமே ஒத்துக்கிட்ட மாதிரி. புள்ளைகளுக்கும் பள்ளிக்கூடம் ஆச்சு. நல்ல காரியந்தானே?”

“நல்ல காரியம். யாரு நெலத்துல?”

அவன் சாவியை எடுத்துக்கொண்டு காருக்குப் போனான். அக்கம்மாளும் பின்னால் போய் ஏறினாள். வழிக்கு வந்துவிட்டாள் என்று அவன் நினைத்தான். அவள் ஏறியதற்குக் காரணம் வேறு. மனு ஒரு பக்கத்துப் பேச்சு. முப்பது வருட ஆபீஸ் பழக்கம், இன்னொரு பக்கத்துக் காகிதத்தையும் பார்க்கச் சொன்னது. தாத்தா எந்தத் தேதியில் வாங்கினார் என்பது தானப் பத்திரத்தில் இருக்கும். சர்க்கார் ஒப்படை செய்த தரிசைப் பத்து வருடத்துக்கு விற்கக் கூடாதென்று நிபந்தனை உண்டு. எழுபத்தொன்றுக்குப் பிறகு வாங்கியிருந்தால் ஒரு பேச்சு. அதற்கு முன்னால் என்றால் பேச்சே இல்லை.

*

பத்திரம் எழுதுபவரின் கடை, ஆபீசுக்கு எதிரே வேப்பமரத்தடியில். அவர் பச்சைத் தாள்களை அடுக்கி நீட்டினார்.

“படிக்கணுமாம்மா? எல்லாம் தம்பி பாத்துட்டாரு.”

“தம்பி பாத்தா தம்பிக்கு. எனக்கு நான் பாக்கணும்ல.”

இரண்டாம் பக்கம், மூன்றாம் பத்தி. ‘எங்கள் பாட்டனார் 14.8.1962-இல் கிரயம் பெற்று அன்று முதல் அனுபவித்து வருகிற…’ ஒப்படை ஆன மறு வருடமே கிரயம். இருபது நாள் கழித்துச் சின்னக்கருப்பின் மனு. அக்கம்மாள் தாள்களைத் திருப்பிக் கொடுத்தாள். கடைசிப் பக்கத்தில் சாட்சிகள் இடத்தில் ஒரு பெயர் தட்டச்சாகி இருந்ததும் கண்ணில் பட்டது.

சாட்சி 1: சி. மலைச்சாமி.

அவர் ஆபீஸ் வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். சலவை வேட்டி, புதுத் துண்டு. அக்கம்மாளைப் பார்த்ததும் எழுந்தார்.

“வாங்க தாயி. காலையில தம்பி ஆள் விட்டாக. பெரிய வீட்டுப் பத்திரத்துக்கு நாந்தான் சாட்சியாம். மொக்கம்மா நம்பவே இல்லை. ஆடு திருடுன கேசுக்கா கூப்புடுறாகங்குறா.”

ஏன் கூப்பிட்டார்கள் என்பது அக்கம்மாளுக்கு அந்த நிமிடமே புரிந்தது. நாளைக்கு எவனாவது கேள்வி கேட்டால், ‘சின்னக்கருப்பு மகனே எங்கள் சொத்தென்று சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான்’ என்று காட்டலாம். தாத்தாவாவது ரேகை வாங்கியதோடு நின்றார். பேரன், ஏமாந்தவன் மகனைக் குளித்துச் சலவை வேட்டி கட்டி வரச் சொல்லி, பெருமைப்பட வைத்து வாங்குகிறான்.

“பத்திரத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா மலைச்சாமி?”

“தம்பி சொன்னாக. பள்ளிக்கூடத்துக்குன்னு.”

அவள் பையிலிருந்து மனுவை எடுத்து, அவர் பக்கத்தில் உட்கார்ந்து, அவசரப்படாமல் படித்துக் காட்டினாள். முழுவதும். சீல்களைத் தொட்டுக் காட்டி அவை என்னவென்று சொன்னாள். சிவப்புப் பென்சில் வரியையும் விடவில்லை.

மலைச்சாமி அந்த ரேகையின் மேல் தன் விரலை வைத்துப் பார்த்தார்.

“எங்கய்யாவுக்கு எழுதத் தெரியாதே.”

“யாரோ எழுதிக் கொடுத்திருக்காக. ரேகை அவருது.”

“ஆளைக் கூப்பிட்டுப் பேசியாச்சுன்னு போட்டிருக்கா?” துண்டால் வாயைத் துடைத்தார். “எங்கய்யாவுக்கு எடது கை மணிக்கட்டு கோணலா இருக்கும் தாயி. தென்னையில இருந்து விழுந்தேன்னு சொல்லுவாரு. எங்காத்தா சண்டை வந்தா மட்டும் கேக்கும், அறுபத்திரண்டுல இங்கன ஏதுய்யா தென்னைன்னு. அவரு எந்திரிச்சு வெளிய போயிருவாரு.”

அக்கம்மாள் மனுவை வாங்கித் திரும்பப் பையில் வைத்தாள்.

உள்ளே டோக்கன் எண்ணைக் கூப்பிட்டார்கள்.

*

சார்பதிவாளர் சின்ன வயதுப் பெண். கேமரா முன்னால் நாற்காலி போட்டிருந்தது. நாகராஜ் உட்கார்ந்து, போட்டோ பிடித்து, விரல் வைத்து எழுந்தான். அடுத்தது அக்கம்மாள்.

“பத்திரத்தைப் படிச்சுப் பாத்தீங்களாம்மா?” எல்லோரிடமும் கேட்கிற கேள்விதான். தலை நிமிராமலே கேட்டார்.

“படிச்சேன்.”

“சம்மதத்தோட எழுதிக் கொடுக்கிறீங்களா?”

“இல்லை.”

சார்பதிவாளர் நிமிர்ந்தார். நாகராஜ் சிரிக்க முயன்றான். “அக்காவுக்குக் காலையில இருந்து பிரஷர் மேடம். அக்கா, சும்மா சரின்னு சொல்லு.”

“மாத்திரை போட்டுட்டுத்தான் வந்தேன்” என்றாள் அக்கம்மாள். “இதுல எழுதியிருக்கிற கிரயம் செல்லாது. நான் கையெழுத்துப் போட மாட்டேன். அங்கன நிக்கிற சாட்சியும் போட மாட்டாரு. வேணும்னா அவரையே கேட்டுக்கங்க.”

எல்லோரும் திரும்பினார்கள். மலைச்சாமி கதவோரம் நின்றார். நாகராஜ் அவரைப் பார்த்த பார்வையில், மூன்று சென்ட்டும் ஓட்டு வீடும் சேர்ந்தே இருந்தன. அவர் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை.

“எனக்குக் கையெழுத்து மறந்துபோச்சுங்கம்மா” என்றார்.

பத்திரம் திரும்பி வந்தது.

வெளியே வந்ததும் நாகராஜ் கத்தவில்லை. கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான்.

“தாத்தாவை நடுரோட்டுல நிறுத்திட்டேல்ல.”

“நானா நிறுத்துனேன்? அவரை மண்டபத்துச் செவுத்துல குத்தி வச்சது நீ.”

“நாளைக்கு மந்திரி வர்றது வர்றதுதான். பத்திரம் பிந்தி ஆகட்டும், பூமிபூஜை நடக்கும். எடத்தைச் சமப்படுத்தப் பொக்லைன் சொல்லியிருக்கேன்.” மலைச்சாமி பக்கம் திரும்பினான். “ஏலே, நீ சாமானை எடுத்து வெளிய வையி. பெறகு என்னைக் கேக்காத.”

தன்னைவிடப் பத்து வயது மூத்தவரை ஏலே என்று கூப்பிட்டுவிட்டுக் காரில் ஏறிப் போனான்.

அக்கம்மாளுக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதி வந்தது. செய்ய வேண்டியதைச் செய்தாகிவிட்டது என்கிற நிம்மதி. அதை மலைச்சாமி இரண்டு நிமிடம்கூட நீடிக்க விடவில்லை.

“தாயி, நான் ஒண்ணு கேக்கலாமா?”

“கேளு.”

“நீங்க கையெழுத்துப் போடல. சந்தோசம். போடாட்டியும் தோப்பு யாருது? அப்பவும் உங்களுதும் தம்பிதும்தானே?”

அவர் நிறுத்தாமல் தொடர்ந்தார்.

“வருசா வருசம் பங்குனியில உங்க பங்குத் தேங்காய்க் காசு தேனிக்கு வருதுல்ல. எண்ணி மூட்டை கட்டுறது நாந்தான். குத்தம் சொல்லல தாயி. கேக்குறேன்.”

அவள் மகன் படித்ததும் தேனி வீட்டுக்கு மாடி எழும்பியதும் அந்தக் காசில்தான். அதை மலைச்சாமி சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இல்லை.

அக்கம்மாள் வேப்பமரத்தடிக்குத் திரும்பிப் போய், பத்திரம் எழுதுபவரிடம் இரண்டு வெள்ளைத் தாள் வாங்கினாள். பெஞ்சின் ஓரத்தில் தாளை வைத்து, எப்போதும் எழுதுகிற ஒழுங்கில் கலெக்டருக்கு ஒரு மனு எழுத ஆரம்பித்தாள். மனுதாரர்: சி. மலைச்சாமி, தகப்பனார் பெயர் சின்னக்கருப்பு. அடுத்த வரி, எதிர்மனுதாரர். ஒன்று, நாகராஜ்.

பேனா நின்றது. பிறகு அதே கையெழுத்தில், கொஞ்சமும் சின்னதாக்காமல் எழுதினாள். இரண்டு, அக்கம்மாள்.

“படிச்சுக் காட்டுறேன், கேளுங்க” என்றாள். இந்த வயது வரை அவரை நீங்க என்று அவள் கூப்பிட்டதில்லை.

பெயர்கள் வந்ததும் மலைச்சாமி கையைக் காட்டி நிறுத்தினார். “உங்க பேரு எதுக்குத் தாயி?”

“நீங்கதானே கேட்டீக.”

அவர் பேனாவை வாங்கி, மறந்துபோன கையெழுத்தை நிறுத்தி நிதானமாகப் போட்டார். போட்டு முடிப்பதற்குள் மடியில் செல்போன் அடித்தது. மொக்கம்மாளின் குரல் அக்கம்மாளுக்கே கேட்டது.

“ஏங்க, மஞ்ச வண்டி வாசல்ல வந்து நிக்குது. ஆடுகளை அவுக்கச் சொல்றாக. நாளைக்குன்னுதானே சொன்னாக? நான் என்ன செய்ய?”

மலைச்சாமி போனைக் காதில் வைத்தபடியே அக்கம்மாளைப் பார்த்தார்.

“ஒண்ணையும் அவுக்க வேணாம்னு சொல்லுங்க. வாசப்படியில உக்காரச் சொல்லுங்க. நாம வர்றோம்.”

ரோட்டுக்கு ஓடி ஓர் ஆட்டோவை மறித்தாள். ஓட்டுபவர் எங்கே போக வேண்டும் என்று கேட்டார். எம்மெல்லே தோப்புக்கு என்று பழக்கத்தில் வாய்வரை வந்ததை அக்கம்மாள் விழுங்கினாள்.

“சின்னக்கருப்பு நெலத்துக்கு.”

அப்படி ஓர் இடம் இருப்பதாக ஆட்டோக்காரருக்குத் தெரியவில்லை. முன் சீட்டில் ஏறி உட்கார்ந்து, மலைச்சாமி வழி சொன்னார்.